மார்ச் மாதத்து ரோஜாக்கள்

இருபத்திரண்டு வருடமாக எங்கள் வீட்டில் ஊருக்குப் போவதென்றால் கோயிலுக்குப் போவதுதான். இருக்கன்குடி, திருச்செந்தூர், மிஞ்சிப்போனால் பழனி. அதனால் தீபாவளி முடிந்த கையோடு, "பங்குனியில எங்கயாவது சுத்திப்பாக்கப் போவமா?" என்று நான் கேட்டபோது என் மனைவி பொன்னுத்தங்கம் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்ன திடீர்னு? உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. அவள் கண்ணுக்குத்தான். வலது கண் போன வருடமே மங்கிப் போயிற்று. இடது கண்ணைக் காட்ட மதுரைக்குப் போயிருந்தோம். அவள் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு கண்ணை மூடி வெளியே உட்கார்ந்திருந்த நேரத்தில், டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். இந்தக் கண்ணிலும் நரம்பு காய்ந்துகொண்டே வருகிறது, மருந்து கொஞ்ச காலம் தாங்கும், கோடை வரைக்கும் பார்வை நிற்குமா என்று உறுதி சொல்ல முடியாது என்றார். வெளியே வந்து அவளிடம், "மருந்த விடாம ஊத்துனா சரியாயிரும்னாரு" என்றேன். அந்தப் பொய் எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது என்று இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

எங்கே போகலாம் என்று கேட்டதற்கு அவள் யோசிக்கவே இல்லை.

"பூந்தோட்டமாப் பாக்கணுங்க. நம்ம காலண்டர்ல போடுறீகள்ல, அந்த மாதிரி."

சிவகாசியில் எங்களுக்குக் காலண்டர் அச்சகம். அப்பா காலத்திலிருந்து நடக்கிறது. பழைய மாதக் காலண்டர்களை எல்லாம் அவள் பத்திரமாக வைத்திருந்தாள். அவற்றைக் கூடத்தில் பரப்பி, தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, எந்தத் தோட்டத்தில் எந்த மாதம் என்ன பூ என்று ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தாள். மார்ச், ஊட்டி ரோஜாத் தோட்டம். மார்ச், கொடைக்கானல் பூங்கா. ஆறு வருடக் காலண்டரில் நாலு வருடம் மார்ச்சில் ரோஜாதான் இருந்தது.

"பாத்தீகளா, சரியான நேரமாத்தான் சொல்லியிருக்கீக" என்று என்னையே பாராட்டினாள்.

நாள் குறிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. மகள் கீர்த்திகா விருதுநகரில் ஆஸ்டலில் தங்கி பிளஸ் டூ படிக்கிறாள். அவள் பரீட்சை முடிய வேண்டும். முடிந்த ஆறாம் நாள் ஊரில் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குக் கொடியேறுகிறது. கொடியேறிவிட்டால் திருவிழா முடியும்வரை எங்கள் வீட்டில் யாரும் வெளியூரில் ராத் தங்குவதில்லை. நடுவில் கிடைத்தது ஐந்து நாள். அந்த ஐந்து நாளுக்குள் பொன்னுத்தங்கம் ஊட்டியையும் கொடைக்கானலையும் அடக்கிவிட்டாள். காலையில் எத்தனை மணிக்குத் தோட்டம் திறப்பார்கள் என்பது வரைக்கும் நோட்டில் இருந்தது. நாலு மாதமும் அவளுக்கு இதே பேச்சுத்தான். பிள்ளையிடம் போனிலும் ரோஜாதான்.

மார்ச் முதல் வாரத்தில், ஒரு திங்கட்கிழமை காலையில், அறை பதிவு செய்ய ஊட்டிக்குப் பேசினேன். அங்கே லாட்ஜ் நடத்தும் பாண்டிச்செல்வம் நமக்குச் சாத்தூர்ப் பக்கம்தான்.

"தாராளமா வாங்க அண்ணாச்சி. ரூமெல்லாம் காலியாத்தான் கெடக்கு" என்றார். "என்ன விசேசம்?"

"வீட்டுல ரோஜாத் தோட்டம் பாக்கணுங்காக."

"இப்பயா? செடியெல்லாம் வெட்டிவிட்டு இப்பத்தான் துளுக்குது. தொட்டியில பூராவும் நாத்து. பூப் பாக்கணும்னா மே மாசம் வாங்க அண்ணாச்சி. மார்ச்ல பூக்கும்னு யாரு சொன்னா ஒங்களுக்கு?"

யார் சொன்னது? நான்தான். மார்ச்சில் இங்கே வெயில் ஏறத் தொடங்கும். சுவரைப் பார்ப்பவர் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று மார்ச்சுக்குப் பூவை வைப்போம். மே மாதத்துக்கு அருவி, இல்லையென்றால் பனிமலை. அப்பா வைத்தார், நானும் வைத்தேன். பூ எப்போது பூக்கும் என்று எங்களில் ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றியதில்லை. அதைவிடக் கேவலம், வருடா வருடம் நானே வைத்த படத்தை அவளோடு சேர்ந்து நானும் நம்பிவிட்டேன்.

கொடைக்கானலுக்கும் பேசிப் பார்த்தேன். அங்கேயும் அதே பதில்தான்.

வேறு வழியில்லாமல் அன்றைக்கே பொன்னுத்தங்கத்திடம் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"இதுக்கா மூஞ்சிய இப்பிடி வச்சிருக்கீக? மே மாசம் போவோம். பிள்ளைக்கும் முழு லீவு. கொடியேத்தத்துக்குள்ள ஓடியாரணுங்கிற தவிப்பும் இல்ல." நோட்டை எடுத்துத் தேதியை அடிக்கப் போனாள். "மே பத்துக்கு மேல ரூம் போடச் சொல்லுங்க."

"மே வேண்டாம் பொன்னு."

"ஏன்?"

"வேண்டாம்னா விடேன்."

"நல்லா இருக்கே! சும்மா இருந்தவளக் கெளப்பிவிட்டுட்டு, இப்ப மொட்டச் செடியப் பாக்கவா கூட்டிட்டுப் போவீக?"

மே மாதம் போகலாம் என்று சொன்னால் அது இன்னொரு பொய். போக வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டும். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை அவள் பார்த்தாளா, குரலில் கண்டுபிடித்தாளா தெரியவில்லை.

"டாக்டரு என்ன சொன்னாரு?" என்றாள்.

சொல்லிவிட்டேன்.

"எப்பச் சொன்னாரு?"

"தீவாளி முடிஞ்சு போனம்ல. அப்பயே."

அழுவாள் என்று நினைத்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளவும் தயாராக இருந்தேன். அவள் நோட்டை மூடி ஓரமாக வைத்தாள்.

"தைப் பொங்கலுக்கு வந்தப்ப, ஆஸ்டல் வேண்டாம்மா, வீட்டுல இருந்தே பஸ்ல போயிட்டு வாரேன்னு பிள்ள அளுதாள்ல. நான்தான கையப் பிடிச்சு இளுத்துட்டுப் போயி பஸ் ஏத்திவிட்டேன். பரீட்ச முடியட்டும், அப்புறம் கூடவேதான இருக்கப் போறான்னு நெனச்சேன்." குரல் அப்போதுதான் உடைந்தது. "நீங்க சொல்லியிருந்தா நான் அனுப்பியிருப்பனா? இந்த ரெண்டு மாசமும் அவ மொகத்தப் பாத்துட்டு இருந்திருப்பேன்ல?"

எழுந்து போய் ஆஸ்டலுக்குப் போன் போட்டேன். பிள்ளையை ஒரு நாள் வீட்டுக்கு அனுப்ப முடியுமா என்று வார்டன் அம்மாவிடம் கேட்டேன். காரணம் கேட்டார். சொன்னால் கீர்த்திகா காதுக்குப் போகும். அவளுக்கு இன்னும் ஐந்து பரீட்சை பாக்கி இருந்தது. சும்மாதான் என்றேன். பரீட்சை நேரத்தில் யாரையும் வெளியே விடுவதில்லை, ஞாயிற்றுக்கிழமை வந்து ஒரு மணி நேரம் பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டார்.

"என்னங்க, என்னைக்குப் பாக்கலாமாம்?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை என்றேன். நடுவில் ஐந்து நாள் முழுசாகக் கிடந்தது.