மூணா எட்டா

தேர்வு அலுவலகத்தின் கூட்டல் பிரிவில் அவளை எல்லோரும் ரோலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். விடைத்தாள் மதிப்பெண்களைக் கூட்டி அச்சடிக்கும் கணக்கு மிஷினில் பேப்பர் ரோல் மாட்டும் வேலையை அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. ரோலின் வால் அடியிலிருந்து வர வேண்டும். முனையைக் கத்தரியால் நேராக வெட்ட வேண்டும். இடுக்கில் செருகி அம்புக்குறிப் பொத்தானை அழுத்தினால் பேப்பர் தானாக ஏறும். ஓரத்தில் சிவப்புக் கோடு தெரிந்ததும் மாற்றிவிட வேண்டும். சனிக்கிழமைதோறும் மிஷினைக் கவிழ்த்துப் பிரஷ்ஷால் தூசி தட்டுவாள்.

அவளுக்கு எதிரே உட்கார்ந்து மதிப்பெண்களை வாசிப்பவர் பெயர் ரேடியோ. செய்தி வாசிப்பவர் மாதிரி கணீரென்று வாசிப்பார் என்பதால் வந்த பெயர். அவர் வாசிக்க, இவள் தட்ட, பதினோரு வருஷம் ஓடிவிட்டது. அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்ததைவிடக் குரலைக் கேட்டுத் தட்டியதுதான் அதிகம்.

அன்று அவள் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியபோது புது ரோல் மாட்டியிருந்தது.

"யாரு சார் கை வச்சது?"

"நான்தாம்மா. நீ வர்றதுக்குள்ள வேலை நடக்கட்டுமேன்னு."

அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. கட்டைப் பிரித்தார்கள். ஒரு கட்டில் இருபத்தைந்து விடைத்தாள். முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை அறுபடாத ஒரே பேப்பர் டேப் இருக்க வேண்டும் என்பது விதி. எட்டாவது தாளில் மிஷின் கரகரவென்றது. பேப்பர் நகராமல் நின்ற இடத்திலேயே எண் மேல் எண் ஏறி, கடைசியில் ஒரு கறுப்புக் கட்டிதான் மிஞ்சியது. ரோல் தலைகீழாக மாட்டியிருந்தது. வால் மேலிருந்து வந்தது.

"என்ன சார், கண்ணை மூடிக்கிட்டா மாட்டினீங்க?" என்று விளையாட்டாகத்தான் கேட்டாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

சிக்கியதை இழுத்து எடுத்து, ரோலைத் திருப்பி மாட்டி, முதல் தாளிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்கள். மூன்றாவது தாளின் கூட்டுத்தொகை ஐம்பத்தாறு வந்தது. அவள் கை நின்றது; சற்றுமுன் வேறு ஏதோ வந்த ஞாபகம். கிழித்துப் போட்ட பழைய டேப்பை எடுத்து விரித்தாள். அதில் அறுபத்தொன்று.

இரண்டு டேப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் இறக்கிக்கொண்டே வந்தாள். நாலாம் கேள்வி. அங்கே எட்டு, இங்கே மூணு. மதிப்பெண் கட்டம் உள்ள விடைத்தாள் முகப்பை வாங்கிப் பார்த்தாள். மூணுதான், கொஞ்சம் சுழித்து எழுதியிருந்தது. அவள் தவறித் தட்டியிருந்தால்? மூணும் எட்டும் மிஷினில் அருகருகே இல்லை.

முகப்பை அவரிடம் நீட்டினாள். "நாலாம் கேள்விக்கு எவ்வளவு சார்?"

"எட்டு." தாளை மூக்கருகே கொண்டுபோனார். "இரு... மூணு."

பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "நாலு மாசமா மங்கலாத்தான் இருக்கு. டாக்டர் ஆபரேஷன்னு சொல்றார். லீவு போட்டா இந்த நாற்காலியில வேற ஆளை உட்கார வச்சிடுவாங்கன்னு..." குரல் மட்டும் இப்போதும் கணீரென்றே இருந்தது.

"அப்போ தெரியாதப்ப என்ன பண்ணினீங்க?"

"ஒரு யூகம்தான்."

கோபப்பட வேண்டும் என்று நினைத்தாள், வரவில்லை.

"யாரோ ஒரு பிள்ளை உங்க யூகத்துல பாஸாகுது, இல்லாட்டி பெயிலாகுது சார்."

"சூப்பரண்டுகிட்ட சொல்லப் போறியா?"

"நீங்க சொல்லுங்க. அஞ்சு மணி வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் நான் போவேன்."

அதன்பின் அவள் மிஷினைத் துடைக்க ஆரம்பித்தாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. நாலரைக்கு அவர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு சூப்பரண்டின் உள்ளறைக்குப் போனார்.

சூப்பரண்டு இருவரையும் நிற்கவைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார். "ஒருத்தருக்குக் கண்ணு இல்ல, இன்னொருத்தருக்குக் காது மட்டும்தான் இருக்கா?" என்றார். அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. பதினோரு வருஷத்தில் ஒருநாள்கூட அவள் தாளை எட்டிப் பார்த்ததில்லை என்பது உண்மைதான்.

நாலு மாதக் கட்டுகள் அத்தனையும் கீழே இறங்கின. இரண்டு மாதம், டேப்பை ஒரு கையிலும் தாளை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு அவளே சரிபார்த்தாள். ஒன்பது தப்பு அகப்பட்டது. எல்லாம் மூணும் எட்டும். ஆறு வெளியே போகாத முடிவுகள், திருத்தினார்கள். மூன்று போய்விட்டவை, கடிதம் அனுப்பினார்கள். அந்த மூன்றில் இருவருக்கு மதிப்பெண் கூடியது. ஒரு தேர்வு எண்ணுக்கு ஐந்து மதிப்பெண் குறைந்து தேர்ச்சி பறிபோனது.

அன்று வீட்டில் சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தாள். "என்னாச்சு?" என்றார் புருஷன்.

"ஒரு நம்பர் பெயிலாச்சு."

"நம்பரா? பையனா பொண்ணா?"

"எங்களுக்குத் தெரியாது. நம்பர்தான் வரும்."

ரேடியோவை அனுப்பிவிடுவார்கள் என்றுதான் பிரிவில் பேச்சு. சூப்பரண்டு எழுத்தில் ஒரு எச்சரிக்கையும் ஒரு மாதக் கட்டாய விடுப்பும் கொடுத்தார். ஒரு கண்ணில் ஆபரேஷன் முடிந்து அவர் திரும்பியபோது அவளே சூப்பரண்டிடம் போய், "நான் வாசிக்கிறேன், அவர் தட்டட்டும். நான் தாளையும் பார்ப்பேன், டேப்பையும் பார்ப்பேன்" என்றாள்.

நாற்காலிகளை மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். அவருக்குத் தட்டிப் பழக்கமில்லை. ஐந்தாம் பொத்தானில் இருந்த சின்னப் புடைப்பை விரலால் தடவித் தடவி மற்ற எண்களைத் தேடினார். அவளுக்கு வாசித்துப் பழக்கமில்லை. பத்துத் தாளுக்குள் தொண்டை கட்டியது.

"சத்தமா சொல்லும்மா, காதுல விழல" என்றார் அவர்.

"நாலாம் கேள்வி, ஏழு!" என்று அவள் கத்தியதில் பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

முன்பு நாளைக்கு முப்பது கட்டு முடிப்பார்கள். அன்று பதினாலுதான் முடிந்தது. சூப்பரண்டு பதிவேட்டில் பதினாலு என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, ஏன் குறைந்தது என்று கேட்காமலே மூடினார்.