நாற்பத்திரண்டு வாழ்த்துகள்

அந்த வலைப்பூ வட்டத்தில் மொத்தம் நாற்பத்து மூன்று எழுத்தாளர்கள். வாசகர் என்று தனியாக ஒருவரும் கிடையாது. அதனால் ஓர் ஒப்பந்தம்: ஒருவர் பதிவு போட்டால் மற்ற நாற்பத்திரண்டு பேரும் அன்று மாலைக்குள் கருத்துப் போட்டாக வேண்டும். போடாதவர் பக்கம் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். படிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எங்கேயும் இல்லை.

வட்டத்தின் தலைவர் ஒரு பல் டாக்டர். 'எழுத்தாளர் ஆவது எப்படி' என்ற அவருடைய தொடர் நூற்றுப் பன்னிரண்டு பகுதிகள் வந்துவிட்டன. அதைப் படித்து எழுத்தாளர் ஆனவர் இன்னும் யாரும் அகப்படவில்லை. ஒரு நோயாளி வாய் கொப்பளித்து முடிப்பதற்குள் டாக்டர் மூன்று பதிவுகளுக்குக் கருத்துப் போட்டுவிடுவார். கைபேசியில் பத்துப் பன்னிரண்டு கருத்துகள் தயாராக இருக்கும். எடுத்து ஒட்ட வேண்டியதுதான். தலைவர் அல்லவா, வெறும் வாழ்த்தோடு விடமாட்டார். கடைசியில் ஓர் ஆலோசனையும் தொங்கும்.

ஒப்பந்தத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டவர் ஒருவர்தான். பூட்டு ரிப்பேர் செய்கிறவர். மனிதர் படித்துவிட்டுக் கருத்துப் போடுவார்.

'ரெண்டாவது பத்தியில சித்தப்பா செருப்பை வாசல்ல விட்டுட்டார். ஆறாவது பத்தியில மொட்டை மாடியில அதே செருப்பு கடிக்குதுங்கறார். யார் சார் எடுத்துக் கொடுத்தாங்க?'

தன் பக்கத்தில் இப்படி எது வந்தாலும் டாக்டர் உடனே அழித்துவிடுவார். சொத்தைப் பல்லைக்கூட அவர் அவ்வளவு வேகமாகப் பிடுங்கியதில்லை.

ஒரு வியாழக்கிழமை பூட்டுக்காரர் இறந்துபோனார். அவர் மனைவிக்கு வட்டத்தில் யாருடைய எண்ணும் தெரியாது. கணவரின் மடிக்கணினி திறந்தே கிடந்தது. நாலைந்து வரி எழுதி, அவருடைய வலைப்பூவிலேயே போட்டார். தலைப்பு, 'இன்று காலை'.

மாலைக்குள் நாற்பத்திரண்டு கருத்துகளும் வந்து சேர்ந்தன. 'அருமை தோழரே, தொடருங்கள்.' 'நடை பிரமாதம்.' 'கண்முன் நிறுத்திவிட்டீர்கள், வாழ்த்துகள்!' டாக்டர் எழுதியது: 'முதல் வரியிலேயே கட்டிப்போட்டுவிட்டீர்கள். முடிவில் மட்டும் இன்னும் கொஞ்சம் கவனம் எடுத்திருக்கலாம்.'

அடுத்த செவ்வாய், காலை பத்து மணிக்கு, பூட்டுக்காரர் தொடர்ந்தார்.

வட்டத்தில் இருந்த தையல்கடை அக்காவுக்கு அவர் பக்கத்தில் ஒரு கடிதம். 'உங்க கதையில மருமகள் மூணு தடவை ஜன்னலைச் சாத்தறா. திறந்ததா நீங்க எழுதவே இல்ல. அவளுக்கு மூச்சு முட்டுமே அக்கா.' தன்னைப் பற்றி இருந்ததால் அக்கா கடைசி வரை படித்தார். படித்த ருசியில் அதற்கு முந்தைய பதிவையும் படித்தார். உடனே டாக்டரைப் போனில் அழைத்தார்.

"டாக்டர், நம்ம பூட்டுக்காரர் செத்து அஞ்சு நாளாச்சு!"

"யார் சொன்னா?"

"அவர் பக்கத்துலயே போட்டிருக்கு. நீங்ககூட வாழ்த்தியிருக்கீங்க."

"அப்ப இன்னிக்கு லெட்டர் போட்டது யாரு?"

"அவர்தான்."

சங்கதி பிறகு தெரிந்தது. படுக்கையில் கிடந்த மாதங்களில் ஒவ்வொருவராகப் படித்துக் கடிதம் எழுதி, செவ்வாய்க்கு ஒன்றாகத் தானே வெளியாகும்படி தேதி குறித்து வைத்திருக்கிறார். சங்கதி தெரிந்தும் செவ்வாய் காலைகளில் யாருக்கும் வேலை ஓடவில்லை. ஒரு வரி எழுதினால் தோளுக்குப் பின்னால் யாரோ மூச்சுவிட்டுக்கொண்டு படிப்பதுபோல் இருந்தது. பேய் என்றால்கூட எப்படியாவது ஓட்டிவிடலாம். படித்தவரை என்ன செய்வது? இரண்டு பேர் வலைப்பூவையே மூடிவிட்டார்கள்.

ஐந்தாம் செவ்வாய் டாக்டர் காலையிலேயே பூட்டுக்காரர் வீட்டுக்குக் கிளம்பினார். தன் முறை வருமுன் அதை நிறுத்த வேண்டும். அந்தக் கருத்தையும் எடுத்துவிட வேண்டும். வட்டத்தின் தலைவர் சாவுச் செய்திக்கு இலக்கிய ஆலோசனை சொன்னார் என்று நாலு பேர் பேசினால் மானம் போய்விடும்.

முன்னறையில் ஆணிக்கு ஒரு கொத்தாகச் சாவிகள். கட்டிலில் படுக்கை சுருட்டியிருந்தது.

"அந்தக் கருத்தை நீங்கதாம்மா அழிக்க முடியும். அப்படியே, எனக்கு எழுதினது எந்தச் செவ்வாய்?"

"உங்களுக்கு எழுதல. இதுவரைக்கும் எழுதினதை எல்லாம் அழிச்சிட்டாரேன்னார்."

நிம்மதியாகக் கிளம்ப வேண்டிய டாக்டர் ஆணியில் தொங்கிய சாவிகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நானே உங்களைப் பார்க்கணும்னு இருந்தேன்" என்றார் அந்த அம்மாள். "எல்லாரும் வாழ்த்திட்டுப் போயிட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் கண்டுபிடிச்சீங்க."

"எதை?"

"முடிவுல கவனம் எடுத்திருக்கலாம்னு. ஆம்புலன்ஸுக்கு முன்னாடியே போன் பண்ணியிருக்கணும், அதானே? எந்த வரியில சார் தெரிஞ்சுது? அஞ்சு வாரமா நானும் திருப்பித் திருப்பிப் படிக்கறேன். கண்ணை மூடினா நீங்க போட்ட வரிதான்."

நூற்றுப் பன்னிரண்டு பகுதிகளும் டாக்டரின் தொண்டை வரை வந்தன. "அதாவது, முடிவுங்கறது..." என்று ஆரம்பித்தார். அந்த அம்மாள் நோட்டை இழுத்து வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார். எதைச் சொன்னாலும் எழுதிக்கொள்வார். எழுதியதை உயிருள்ளவரை நம்புவார்.

"நான் படிக்கலம்மா."

"என்னது?"

"படிக்காமத்தான் போட்டேன். எல்லாருக்கும் அதையேதான் போடுவேன். ஒருத்தர் பொண்ணு கல்யாணத்தைப் பத்தி எழுதினதுக்கும் அதேதான் போட்டேன்."

அந்த அம்மாள் பேனாவை மூடி வைத்தார்.

"பாவி மனுஷா. இதைச் சொல்ல அஞ்சு வாரமா உனக்கு?"

மடிக்கணினியை டாக்டர் பக்கம் திருப்பினார். "இப்பப் படி."

டாக்டர் படித்தார். 'இன்று காலை ஆறு மணிக்கு மூச்சு வாங்குது என்றார். நான் போனைத் தேடினேன். தண்ணீர் கேட்டார். கொண்டுவந்து கொடுத்தேன். ஆறு இருபதுக்கு ஆம்புலன்ஸ் வந்தபோது அவர் இல்லை.'

மணி பத்து. திரையின் ஓரத்தில் பூட்டுக்காரரின் புதிய பதிவு வந்து நின்றது. இரண்டு பேரும் அதைத் தொடவில்லை. டாக்டர் மறுபடி முதல் வரியிலிருந்து படித்தார். மூன்றாம் முறையும் படித்தார்.

"தண்ணி குடிச்சாராம்மா?"

இதுவரை அந்த அம்மாளிடம் யாரும் கேட்காதது அது.

"ஒரு வாய் குடிச்சார்" என்றார். "மிச்சத்தை என்னைக் குடிக்கச் சொன்னார்."