சோணைமுத்துவின் ஆப்சென்ட்

ஊர்ப் பால்வாடியில் மொத்தம் இருபத்தைந்து இடம். இருபத்து நான்கில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். இருபத்தைந்தாவதில் சோணைமுத்துவின் ஆப்சென்ட் உட்கார்ந்திருந்தது.

அது அங்கே வந்து அறுபத்தோரு வருஷம் ஆகிறது. சோணைமுத்துவுக்கு மூன்று வயதானபோது அவருடைய ஆத்தா பால்வாடியில் பேரைக் கொடுத்தாள். மறுநாளே ஆட்டுக்குட்டியைக் கையில் பிடித்துக் கொடுத்துக் காட்டுக்கு அனுப்பிவிட்டாள். அவர் பால்வாடிக்குப் போகவில்லை. அவர் போகாதது மட்டும் தினமும் தவறாமல் போய்க்கொண்டிருந்தது.

இது அவருக்குத் தெரியாது. பேரனைச் சேர்க்கப் போன சனிக்கிழமைதான் தெரிந்தது.

பேரனுக்கும் சோணைமுத்து என்றுதான் பேர். தாத்தா பேரைப் பேரனுக்கு வைப்பது அந்தக் குடும்பத்து வழக்கம். மாமனார் பேரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பதும் அதே குடும்பத்து வழக்கம். அதனால் மருமகள் நாகஜோதி, பெற்ற பிள்ளையை மூன்று வருஷமாக 'இந்தா' என்றுதான் கூப்பிட்டு வந்தாள். கோயிலுக்குப் போனால்கூட சோணைச்சாமி என்று சொல்ல மாட்டாள். 'மாமா பேருள்ள சாமி' என்று கும்பிடுவாள்.

திங்கட்கிழமை அவள் பஞ்சு மில்லில் வேலைக்குச் சேர வேண்டும். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தால் கேட்டைத் திறக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். புருஷன் செத்த பிறகு அவளுக்குக் கிடைத்த முதல் வேலை அது. கிழவருக்கோ பகலெல்லாம் மாந்தோப்புக் காவல். தோப்பில் பாம்பு அதிகம்.

டீச்சரின் மேசை வாசலிலிருந்து நாலு எட்டில் இருந்தது.

"எடம் இல்லங்கய்யா," என்றார் டீச்சர்.

"அந்தா ஒண்ணு சும்மாத்தானம்மா கெடக்கு?"

மேசை ஓர் எட்டு பின்னால் போனது. டீச்சரும் நாற்காலியோடு கூடவே போனார்.

"கேள்வி கேக்காதீங்கய்யா. கேட்டா மேசை தள்ளிப் போகும்."

"ஏன் தள்ளிப் போகுது?"

இன்னும் ஓர் எட்டு.

சோணைமுத்து யாரையும் நம்பாத ஆள். தராசைப் பார்த்தால் தட்டுக்கு அடியில் கைவிட்டுத் தடவிப் பார்ப்பவர். கேள்வி கேட்காமல் அவரால் ஒரு டீகூடக் குடிக்க முடியாது. பத்து நிமிஷத்தில் மேசை எதிர்ச்சுவர் இருந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டது. சுவர் மரியாதையாக விலகிக்கொண்டது. டீச்சர் கொண்டைக்கடலை அளவுக்குத் தெரிந்தார்.

"அது சும்மா கெடக்கல!" என்று அங்கிருந்து கத்தினார். "அது ஒங்க ஆப்சென்ட்டு!"

சுண்டலைக் கிளறிக்கொண்டிருந்த ஆயா கரண்டியால் காட்டினாள். "நல்லாப் பாருங்க பெருசு. ஒக்காந்திருக்குல்ல."

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கடைசிப் பாயில் இல்லாத ஒன்று சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. மூன்று வயதுதான் இருக்கும். காது மட்டும் அவர் காது.

"தங்கமான பிள்ளை," என்றாள் ஆயா. "அடம் கிடையாது, அழுகை கிடையாது. அறுபத்தோரு வருஷமா அ, ஆ படிக்குதுல்ல, இப்ப பேப்பரே வாசிக்கும்."

சோணைமுத்துவுக்குக் கைநாட்டுதான். தன்னுடையது ஒன்று தனக்குத் தெரியாமல் படித்துக்கொண்டிருந்தது என்பதில் ஏதோ சூது இருப்பதாகப் பட்டது.

"நெசமாவா வாசிக்கும்?"

இன்னும் ஓர் எட்டு.

"மாமா, போதும்," என்றாள் நாகஜோதி. "இப்படியே கேட்டீங்கன்னா திங்கக்கெழமை மேசை பக்கத்து ஊருக்குப் போயிரும்."

ஆயா இரக்கப்பட்டு வழி சொன்னாள். "ஒரே பேருல ரெண்டு இருந்தா, பெத்தவ வாசல்ல நின்னு பேரச் சொல்லிக் கூப்பிடணும். எது 'உள்ளேன்'னு சொல்லுதோ அதுக்குத்தான் எடம். ஒரு தடவதான்."

"ரெண்டு தடவ கூப்பிட்டா..." என்று கிழவர் ஆரம்பித்தார். பேரன் அவர் வாயைப் பொத்தினான்.

நாகஜோதி வாசலில் போய் நின்றாள். வாயைத் திறந்தாள். மூடினாள்.

"இந்தான்னு கூப்பிட்டா ஆகாதா?"

மேசை அவளுக்கும் ஓர் எட்டு நகர்ந்தது.

"சொல்லு ஆத்தா," என்றார் கிழவர். "நான் காதப் பொத்திக்கிறேன்."

அப்புறம்தான் யோசித்தார். பெற்ற ஆத்தா செத்ததிலிருந்து அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெருசு என்பார்கள், தோப்புக்காரர் என்பார்கள். பேரைக் கேட்டால் கழுத்து தன்னால் திரும்பிவிடும். காதைப் பொத்துவதா, கழுத்தைப் பிடிப்பதா? கை இரண்டுதான் இருந்தது. கழுத்தைப் பிடித்துக்கொண்டார்.

நாகஜோதி கண்ணை மூடிக்கொண்டாள்.

"டேய் சோணமுத்து!"

அந்த 'டேய்'யை யாரும் எதிர்பார்க்கவில்லை. அவருடைய ஆத்தாவும் ஓடைமேட்டில் நின்று அப்படித்தான் கூப்பிடுவாள். கழுத்து திரும்பப் பார்த்தது. முறுக்கிப் பிடித்தார். 'உள்ளேன்' தொண்டை வரைக்கும் வந்தது. கொட்டைப்பாக்கை முழுசாக விழுங்குவதுபோல் விழுங்கினார்.

பேரன் திரும்பவில்லை. அம்மாவின் குரலில் அவன் அந்தப் பேரைக் கேட்டதே இல்லை.

ஆப்சென்ட் எழுந்து நின்றது. கையைக் கட்டிக்கொண்டது.

"இல்லேன் டீச்சர்," என்றது, திருத்தமாக.

பேரனுக்கு மூன்று வயது. யார் எதைச் சொன்னாலும் அதற்கு எதிராகத்தான் சொல்வான். சோறு என்றால் வேணாம் என்பான். வேணாமா என்றால் சோறு என்பான்.

"உள்ளேன்!" என்றான்.

மேசை தடதடவென்று ஓடி வந்து கிழவரின் முழங்காலில் இடித்து நின்றது. டீச்சர் பதிவேட்டில் ஒரு கோடு போட்டு ஒரு டிக் அடித்தார்.

"திங்கக்கெழமை ஒம்பது மணிக்குக் கொண்டாந்து விடுங்க. ஆப்சென்ட்ட இப்பவே கூட்டிட்டுப் போயிருங்க. இங்கன ஒரு கையெழுத்து."

"கைநாட்டுத்தாம்மா."

"ரேகை செல்லாதுங்கய்யா."

ஆப்சென்ட் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டது. சோணைமுத்து. குண்டு குண்டான எழுத்து, கோட்டைத் தாண்டவில்லை. கிழவர் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். குறை ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

வெளியே நாகஜோதி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

"பேரு சரி. 'டேய்' எதுக்கு ஆத்தா போட்ட?"

"தன்னால வந்திருச்சு மாமா."

"ம்." அவர் கொஞ்ச தூரம் நடந்தார். "நல்லாத்தான் இருந்துச்சு."

அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். மில்லுக்குக் கட்ட ஒரு சேலை துவைக்க வேண்டியிருந்தது. கிழவர் தோப்புக்குத் திரும்பினார். ஆப்சென்ட் அவர் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு கூட வந்தது. பிடித்த மாதிரியே தெரியவில்லை.

முக்கில் ஒரு போர்டு இருந்தது. முப்பது வருஷமாக அதற்குக் கீழே நின்றுதான் அவர் பஸ் ஏறுகிறார்.

"அதுல என்ன போட்டிருக்கான்?"

"'இங்கு நிற்காதே,'" என்று வாசித்தது ஆப்சென்ட்.

"கீழ பொடி எழுத்துல?"

"'மீறி நிற்பவர்கள் உட்காரவும்.'"

"பொய் சொல்லாத. இன்னொருக்கா வாசி."

அது இன்னொரு தடவை வாசித்தது. அப்போதும் அதேதான் போட்டிருந்தது.

சோணைமுத்து கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். பிறகு எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டு, ஆப்சென்ட்டைத் தோளில் ஏற்றிக்கொண்டு, அடுத்த போர்டு எங்கே இருக்கிறது என்று பார்த்தபடி நடந்தார்.