எங்கள் வீட்டுக் கண்ணாடிப் பெட்டி

எங்கள் வீட்டிலிருந்து கிழிந்த துணியோ நெளிந்த பாத்திரமோ அடுத்தவர் கண்ணில் பட்டதில்லை. அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான். ஆகவே ஐஸ் ஃபேக்டரி நினைவகத்துக்காக, இறந்தவருடைய பொருள் ஒன்றைக் கொடுங்கள் என்று வீடு வீடாகக் கேட்டு வந்தபோது, எதைக் கொடுப்பது என்று நான் யாரோடும் கலந்து பேசவில்லை. என் மகள் கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ளட்டும் என்று தம்பிக்கு நான் எடுத்த வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாமல் என் பீரோவில் இருந்தது. கல்யாணத்துக்கு முன்பே அவன் போய்விட்டான். குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டு, நானே கையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அந்த ஃபேக்டரியில் அம்மோனியா குழாய் வெடித்து முப்பத்தோரு பேர் மூச்சு முட்டிச் செத்தார்கள். தம்பி அங்கே கம்ப்ரசர் ஆபரேட்டர். ஐஸ் ஃபேக்டரியில் அதற்கு மேல் ஒரு வேலை கிடையாது. கம்ப்ரசர் ஓடினால்தான் தொட்டியில் உப்புத்தண்ணீர் குளிரும். அது குளிர்ந்தால்தான் உள்ளே நிற்கும் தகர டின்களில் ஐஸ் பிடிக்கும். ஐஸ் பிடித்தால்தான் கிரேன்காரன் அந்த டின்களைத் தூக்கி வெளியே வைக்க முடியும். கிரேன்காரன் கடைசி என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

திறப்பு விழாக் கூட்டம் ஓயட்டும் என்று காத்திருந்துவிட்டு, தம்பி மனைவியை அழைத்துக்கொண்டு போனேன். அவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். அரை நாள் லீவு சொல்லிவிட்டு, வேலைக்கு எடுத்துப்போகும் அதே தோள்பையோடு வந்திருந்தாள். நான் கோட்டு போட்டிருந்தேன்.

பழைய தொட்டி ஹாலைத்தான் நினைவகமாக மாற்றியிருந்தார்கள். தரை முழுக்க மரப்பலகை மூடிகள். ஒவ்வொரு மூடிக்கும் கீழே முன்பு ஒரு டின் நின்றிருக்கும். சுவர்களில் உப்பு பூத்த இடங்களை வெள்ளையடிக்காமல் அப்படியே விட்டிருந்தார்கள். மேலே கிரேன் ஓடும் தண்டவாளம். ஹாலுக்குள் கால் வைத்ததும் கண் தானாகப் போய் நிற்கும் இடத்தில், நட்டநடுவில், தனி விளக்குப் போட்டு, ஒரு பெரிய கண்ணாடிப் பெட்டி.

அதற்குள் கிரேன்காரனுடைய ரப்பர் பூட்ஸ்.

பூட்ஸ் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். முழங்கால் வரை உப்புக்கறை. இடது காலில் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டிய பஞ்சர். வலது கால் குதிகாலில் ஓட்டை. இரண்டும் வாசலைப் பார்த்தபடி, கழற்றிப்போட்ட வாக்கில் கோணலாக நின்றன. அந்தப் பெட்டியைச் சுற்றித்தான் அத்தனை பேரும். ஒரு பெண் கைக்குட்டையால் வாயைப் பொத்தியிருந்தாள். பஞ்சர் ஒட்டிய பூட்ஸுக்கு!

"நம்மளோடது எங்கம்மா?" என்று கேட்டேன்.

"அந்தப் பக்கம் பெரியத்தான்," என்றாள் அவள்.

அந்தப் பக்கம் என்றால், கழிப்பறைக்கு வழி காட்டும் அம்புக்குறிக்குக் கீழே. கண்ணாடிப் பெட்டி சுத்தமாகத்தான் இருந்தது. சட்டையும் பளிச்சென்று இருந்தது. பக்கத்தில் தம்பியின் பெயர், வயது, வேலை எழுதிய ஒரு சின்ன அட்டை. வருகிறவர்கள் எல்லாரும் எங்கள் பெட்டிப் பக்கம் திரும்பினார்கள், அம்புக்குறியைப் பார்த்தார்கள், போனார்கள். ஒரு சின்னப் பெண் மட்டும் கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, "அப்பா, இது என்ன விலை?" என்றாள். அவள் அப்பா என் கோட்டைப் பார்த்ததும் குழந்தையை இழுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். ஒருவேளை என்னைக் கடைக்காரன் என்று நினைத்தாரோ என்னவோ.

எனக்கு எரிச்சலாக வந்தது. முப்பது வருடம் தபால் ஆபீசில் உட்கார்ந்தவன் நான். யாருக்கு முன்னுரிமை, யாருக்குப் பின்னுரிமை என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கம்ப்ரசர் ஆபரேட்டர் கழிப்பறை வாசலில், கிரேன்காரன் நடு ஹாலில்.

"என்ன போஸ்ட்மாஸ்டர், இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

குரலைக் கேட்டதுமே ஆளைத் தெரிந்துவிட்டது. கிரேன்காரனுடைய அண்ணன். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் அவருக்கு விசில் என்றுதான் பெயர். சட்டைப் பையில் 'தன்னார்வலர்' என்று ஒரு வில்லை குத்தியிருந்தார். தினமும் காலையில் வந்து, தன் தம்பியின் பூட்ஸ் பக்கத்தில் நின்று, வருகிறவர்களுக்குக் கதை சொல்கிறாராம். பஸ்ஸில் டிக்கெட் கொடுத்த அதே வேகம்.

"கூட்டம் குறையட்டும்னு இருந்தேன்," என்றேன்.

"எங்க குறையுது? நேத்து ரெண்டு ஸ்கூல் வந்துச்சு. ஒரு டீச்சரம்மா பூட்ஸைப் பார்த்துட்டு அப்படியே தரையில உக்காந்துட்டாங்க, தண்ணி குடுத்து எழுப்ப வேண்டியதாப் போச்சு." அவர் எங்கள் பெட்டியை எட்டிப் பார்த்தார். "உங்களுது நல்லா நீட்டா இருக்கு சார். கசங்கவே இல்ல. ஆனா காலருக்குள்ள அட்டை இருக்கே, எடுக்க மறந்துட்டீங்களா?"

குனிந்து பார்த்தேன். கழுத்துப்பட்டை விறைப்பாக நிற்பதற்காகக் கடையில் சொருகி அனுப்பும் அட்டை, ஒரு விரல் அகலத்துக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தது. குண்டூசிகளை எடுத்தவன் அதைக் கவனிக்கவில்லை.

"புதுச் சட்டை," என்றேன், குரலை உயர்த்தாமல். "எங்க வீட்ல பழசைக் குடுத்துப் பழக்கம் இல்ல."

"ஆமாமா, உங்க வீட்டுப் பழக்கம் ஊருக்கே தெரியுமே," என்று சிரித்தார் விசில். "நாங்க என்ன சார் பண்றது, எங்க தம்பி ஒரே ஒரு பூட்ஸைத்தான் போட்டுத் தேய்ச்சான்." அதற்குள் நடு ஹாலில் புதிதாகச் சிலர் சேர்ந்துவிட்டார்கள். வில்லையைச் சரிசெய்தபடி அவர் அங்கே போய்விட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் இருந்தது, ஆள்தான் இல்லை.

வெளியே வேப்பமரத்தடியில் சிமென்ட் பெஞ்சு. அங்கே வந்து உட்கார்ந்தோம். தம்பி மனைவி தோள்பையைத் திறந்து ஒரு ஃப்ளாஸ்க்கை எடுத்தாள்.

அதை எனக்குத் தெரியும். தம்பியுடையது. பச்சை நிறம் பாதி உரிந்து, பக்கவாட்டில் கைமுட்டி அளவுக்கு ஒரு நெளிசல். ஒரிஜினல் அடைப்பான் தொலைந்துபோய், குழாய் இணைப்புகளில் வைக்கிற கறுப்பு ரப்பர் தகட்டை வெட்டி அவனே ஓர் அடைப்பான் செய்து வைத்திருந்தான். வேலைக்கு அதைத் தூக்கிக்கொண்டு போனபோது, புதிதாக ஒன்று வாங்கித் தருகிறேன், அதைத் தூக்கிப் போடு என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். கேட்டதில்லை.

அந்த நிமிடம் எனக்கு அந்த நெளிசல் நெளிசலாகத் தெரியவில்லை. நடு ஹாலில், தனி விளக்கின் கீழ் அது எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டேன். கம்ப்ரசர்காரன் கையால் வெட்டிய ரப்பர். பஞ்சர் பூட்ஸ் இதற்குப் பக்கத்தில் நிற்குமா?

"இது எப்படி மிஞ்சுச்சு?" என்றேன்.

"அன்னிக்கு வீட்ல மறந்து வெச்சுட்டுப் போயிட்டார் பெரியத்தான். எடுத்துட்டுப் போயிருந்தா அதுவும் போயிருக்கும்."

"இதைக் குடுத்துடலாம்மா. சட்டையை எடுத்துட்டு இதை வைக்கச் சொல்லலாம்."

அவள் மூடியில் டீயை ஊற்றிக்கொண்டிருந்தவள், ஊற்றி முடித்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தாள். "இதைக் குடுத்துட்டா நான் கடையில எதுல டீ குடிக்கிறது?"

"நல்லதா வேற ஒண்ணு வாங்கித் தர்றேன்."

"அவருக்கே வாங்கித் தர்றேன்னீங்க. அவர் வேண்டாம்னார்."

"அந்த நெளிசலைப் பார்த்தா யாருக்கும் மனசு உருகிடும்மா."

அவள் சிரித்துவிட்டாள். "இந்த நெளிசலா? இது நான் போட்டது. கரண்ட் பில் கட்ட மறந்துட்டு வந்து நின்னார், கோவத்துல அடுப்பு மேடையில ஓங்கி வெச்சேன். நான் போட்ட நெளிசலுக்கு ஊர் அழணுமா பெரியத்தான்?"

"அது யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன்.

என் வாயிலிருந்துதான் வந்தது. பக்கத்தில் வேறு ஆள் இல்லை. அவள் டீயை ஊதி ஊதிக் குடித்தாள். குடித்து முடித்து, மூடியை உதறி, ரப்பர் அடைப்பானைக் கட்டைவிரலால் ஒரு திருகு திருகி அழுத்தினாள். தம்பியும் அப்படித்தான் திருகுவான். அவன் திருகுவதை அவள் எத்தனை ஆயிரம் தடவை பார்த்திருப்பாள் என்று தோன்றியது. அதுவரை நடு ஹாலில் இருந்த என் எரிச்சல் அங்கிருந்து கிளம்பி, பெஞ்சுக்கு வந்து, எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டது.

அவனைத் தொட்டிலில் ஆட்டியவன் நான். அவனுக்கு ஃபேக்டரியில் வேலைக்குச் சொல்லி வைத்தவன் நான். பெண் பார்க்கப் போனபோது முன்னால் நடந்தவனும் நான்தான். என்னிடம் இருந்தது அவன் ஒரு தடவைகூடப் போடாத சட்டை. நேற்று வந்தவளிடம் அவன் தினமும் வாய் வைத்துக் குடித்த மூடி. எங்கள் வீட்டு மருமகளைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன் என்று யாராவது சொன்னால் அவர் வாயை மூடச் சொல்லியிருப்பேன். ஆனால் அன்றைக்கு அப்படிச் சொல்ல யாரும் இல்லை.

"குடுக்க மாட்டேன்னு சொல்றியாம்மா?"

"நீங்க கேட்டு நான் எதையும் இல்லேன்னு சொன்னதில்ல," என்றாள். "இது ஒண்ணு மட்டும் விட்டுடுங்க."

அதற்கு மேல் கேட்பது எனக்கு அழகல்ல. எழுந்து உள்ளே போனேன்.

நினைவகக் காப்பாளர் ஓர் இளம்பெண். மேசையில் விளக்கு பல்புகளை வரிசையாக வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தாள். எங்கள் பெட்டியிலிருக்கும் சட்டையைத் திருப்பித் தர வேண்டும் என்றேன்.

"ஏன் சார், இடம் சரியில்லையா?"

"இடமும் சரியில்ல. அது அவன் போட்ட சட்டையும் இல்ல."

அவள் நாற்காலியைக் காட்டினாள். நான் நின்றேன். "வேற ஏதாவது குடுக்கிறீங்களா சார்? இல்லேன்னா பெட்டி காலியாயிடும். பக்கத்துக் குடும்பத்துல ரெண்டு பொருள் குடுத்திருக்காங்க, ஒண்ணை அங்க மாத்திடவா?"

"யாரும் அங்க வரக்கூடாது. அது எங்க வீட்டுப் பெட்டி. காலியா இருக்கட்டும்."

"காலிப் பெட்டியைப் பார்த்தா பொருளே குடுக்கலைன்னு நினைப்பாங்களே சார்."

அதுதான் என் கவலையும். எங்கள் வீட்டில் கொடுக்க ஒன்றுமில்லை என்று விசில் ஊரெல்லாம் ஊதிவிடுவார். ஆபீசில் எத்தனையோ அறிவிப்புப் பலகைகள் எழுதியிருக்கிறேன். சுருக்கமாகவும், யாரும் எதிர்க்கேள்வி கேட்க முடியாமலும் இருக்க வேண்டும்.

"அட்டையில அவன் பேருக்குக் கீழ இப்படி எழுதுங்க," என்றேன். "'இவருடைய பொருள் வீட்டில் இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது.'"

அவள் பல்பைக் கீழே வைத்தாள். "என்ன பொருள்னு போடலாமா சார்?"

"வேண்டாம்."

அடுத்த மாதம் மறுபடியும் போனோம். தம்பி மனைவிதான் போகலாம் என்றாள். கம்ப்ரசர் அறையையும் திறந்துவிட்டார்களாம். அவள் நேரே அங்கே போனாள். அவளுக்கும் அந்த அறைக்கும் நடுவில் நான் எதற்கு என்று ஹாலிலேயே நின்றுகொண்டேன்.

கழிப்பறை அம்புக்குறியின் கீழ் நாலைந்து பேர் நின்றார்கள். வரிசை என்று நினைத்தேன். இல்லை. எங்கள் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெறும் கண்ணாடி, வெறும் பலகை, ஓர் அட்டை. ஒரு பெரியவர் வாய்விட்டுப் படித்தார். படித்துவிட்டுத் தன் கைக்கடிகாரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற அம்மாள், "என்னவா இருக்கும்?" என்றாள். ஒருவர், சைக்கிளாக இருக்கும் என்றார். இன்னொருவர், தலையணை என்றார். நான் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டேன். நடு ஹாலிலும் ஆட்கள் இருந்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இங்கே நின்றவர்கள் சீக்கிரம் நகரவில்லை.

விசில் வந்தார். இந்தத் தடவை சத்தம் இல்லை.

"என்ன பொருள் சார் அது?"

"வீட்டு விஷயம்."

"வர்றவங்க எல்லாரும் என்னைத்தான் கேக்கறாங்க. தெரியாதுன்னு சொல்ல ஒரு மாதிரியா இருக்கு. எங்கிட்ட மட்டும் சொல்லுங்க."

"பயன்பாட்ல இருக்கு. அவ்வளவுதான்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு தன் தம்பியின் பூட்ஸைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு பையன்கள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். "குடுத்து வெச்சவங்க சார் நீங்க," என்றார். "எங்க வீட்ல இப்ப அவனுது ஒண்ணுமே இல்ல. இருந்தது அது ஒண்ணுதான். வாசல்ல கிடக்கும், மழை பெஞ்சா நான் மாட்டிட்டுப் போவேன். அதையும் தூக்கி இங்க குடுத்துட்டேன். நான் தினமும் எதுக்கு வர்றேன்னு நினைக்கிறீங்க?"

அவர் வில்லையைக் கழற்றித் திரும்பக் குத்திக்கொண்டார்.

"ஒரு நாள் திருப்பிக் கேட்டுடலாமான்னுகூட இருக்கு. குடுப்பாங்களா?"

"கேட்டா குடுப்பாங்க," என்றேன். "எனக்குக் குடுத்தாங்க."

உண்மையைத்தான் சொன்னேன். கேட்டு வாங்கிவிட்டால் நடு ஹால் காலியாகும் என்ற எண்ணமும் கூடவே வந்தது. வரவில்லை என்று சொல்ல மாட்டேன்.

தம்பி மனைவி கம்ப்ரசர் அறையிலிருந்து வந்தாள். முகத்தைக் கழுவியிருந்தாள். "போலாமா பெரியத்தான்?" என்றாள். தோள்பை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது.

"பையைக் குடும்மா, நான் எடுத்துக்கறேன்."

"கனமில்ல பெரியத்தான்."

"பரவாயில்ல, குடு."

ஒரு கணம் யோசித்துவிட்டுக் கொடுத்தாள். விசில் பார்க்க, அதைத் தோளில் மாட்டிக்கொண்டு, நேரான நடையில் ஹாலைக் கடந்து வெளியே வந்தேன். பழைய ஃப்ளாஸ்க், உள்ளே இருக்கும் சூடு வெளியே கசிகிறது. கேட்டிலிருந்து பஸ் நிறுத்தம் வரை அது என் விலாவில் பட்டுக்கொண்டே வந்தது.

பஸ் வந்ததும் அவள் கையை நீட்டினாள். கொடுத்துவிட்டேன்.