கொள்ளுக்கு விரித்த பாய்

மயிலம்மாளின் நார் மில் மோகனூருக்குப் பக்கம், ஆற்றோரத் தென்னந்தோப்புகளுக்கு நடுவில் இருந்தது. தேங்காய் மட்டையை அடித்து நாராக்கி, நாரைக் கயிறாகத் திரித்து, கயிற்றைச் சல்லடைக் கண் விட்டுப் பாயாக நெய்வார்கள். அதுவரை அந்தப் பாய் போனதெல்லாம் மலைச் சரிவுக்கும் குளத்துக் கரைக்கும்தான். ரோட்டுக்கு அடியில் போடுவது அதுதான் முதல் தடவை.

ரோடு இருந்தது திருச்செங்கோட்டுப் பக்கம், கொமராங்காட்டில். பிரிவு ரோட்டிலிருந்து ஊருக்குள் போகும் வழியில் ஒரு கரிசல் பள்ளம். வாய்க்கால் கசிவில் தை மாதத்தில்கூட அது காயாது. எத்தனை லோடு ஜல்லி கொட்டினாலும் விழுங்கிவிட்டு, இன்னும் கொண்டா என்று வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். மழைக்காலம் வந்தால் பஸ் பிரிவிலேயே ஆளை இறக்கிவிட்டுப் போய்விடும். சேற்றுக்கும் ஜல்லிக்கும் நடுவில் நார்ப்பாயை விரித்தால் ஜல்லி உள்ளே இறங்காது, தண்ணீர் மட்டும் வடியும், பாய் மட்கிப் போவதற்குள் மண் இறுகிவிடும் என்று மயிலம்மாள் ஆபீஸ் ஆபீஸாக ஏறிச் சொன்னாள். கேட்டவர்கள் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பி வைத்தார்கள். பொறியாளர் ஈஸ்வர் ஒருவர்தான் இறங்கி வந்தார்.

"அந்தப் பள்ளத்துல மட்டும் போட்டுப் பாக்கலாமுங்க. நின்னுச்சுன்னா மத்த ரோட்டுக்கும் எழுதறேன். நிக்கலீன்னா நீங்களும் மறந்துருங்க, நானும் மறந்துர்றேன்."

அன்றிலிருந்து மயிலம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. பள்ளம் ஜெயித்துவிட்டால், நாரில் ரோடா என்று சிரித்தவர்கள் எல்லாம் ஆயுசுக்கும் சிரிப்பார்களே.

கொமராங்காட்டுக்காரர்கள் அதற்குள்ளாகவே சிரிக்கத் தொடங்கியிருந்தார்கள். பாய்ச் சுருள்களை இறக்கும்போது, பள்ளத்தை ஒட்டிக் காடு வைத்திருந்த பூவாத்தாள் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள்.

"கல்லுல நார் உரிக்கறதக் கேட்டிருக்கறேன். நாரு மேல கல்லுப் பரப்பறத இன்னிக்குத்தான் பாக்கறேன்."

மயிலம்மாள் மில் பெண்களோடு சேர்ந்து பாயை விரித்து, ஓரத்துக்கு முளையடித்து முடித்தபோது பொழுது இறங்கிவிட்டது. கிளம்பும்போது பூவாத்தாளிடம் சொன்னாள்: "நாளைக்கு வெடியால லாரியா வருமுங்கக்கா. அதுக்குத்தான் இப்பவே பாய் விரிச்சு வெச்சுட்டுப் போறோம். ஊருக்குள்ள எல்லாருகிட்டயும் சொல்லிப்போடுங்க."

யாரும் மிதிக்க வேண்டாம் என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். சொல்லாமலே தெரியும் என்று நினைத்துவிட்டாள். அங்கேதான் வந்தது வினை.

அது கொள்ளு அறுப்புக் காலம். அந்தப் பக்கத்தில் கொள்ளுச் செடியைத் தடியெடுத்து அடிக்க யாருக்கும் பொறுமை கிடையாது. ரோட்டில் பரப்பிவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொள்வார்கள். போகிற வருகிற வண்டிச் சக்கரம் அடித்துக் கொடுத்துவிடும். இப்படிப்பட்ட ஊரில் போய், பாயும் விரித்தாயிற்று, லாரியும் வரும் என்றால் வேறு என்ன நினைப்பார்கள்? சர்க்காருக்கு இப்போதாவது புத்தி வந்ததே என்று சந்தோஷப்பட்டார்கள்.

காலையில் மயிலம்மாள் வந்து பார்த்தபோது பாயைக் காணோம். பள்ளத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் முழங்கால் உயரத்துக்குக் கொள்ளுச் செடி கிடந்தது. ஓரத்தில் பூவாத்தாள் விளக்குமாறும் முறமுமாக உட்கார்ந்திருந்தாள்.

"வா அம்மணி. பாய் அருமையா இருக்குது. தார் ரோடுன்னா மண்ணுங் கல்லுமாக் கலந்துரும்."

"ஐயோ, இது கொள்ளுக்கு விரிச்ச பாய் இல்லீங்கக்கா. எடுத்துருங்க. ஜல்லி போடறதுக்கு முந்திச் சக்கரம் ஏறுனா கயிறு அறுந்துரும்."

"காஞ்ச கொள்ள இப்ப அள்ளுனா பாதி கொட்டிப் போயிரும் சாமி. லாரி ஒரு நடை போயிட்டு வரட்டும், அப்பறம் எடுத்துக்கறோம்."

பேச்சு முடியவில்லை, லாரிச் சத்தம் கேட்டது. ஜல்லி லாரி இல்லை. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்குக் குழாய் ஏற்றிப் போகும் லாரியைப் பூவாத்தாளின் மகன் சின்னண்ணன் காலியாக வீட்டுக்கு ஓட்டி வந்தான். மயிலம்மாள் ஓடிப்போய் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். கொள்ளுப் போட்டவர்கள் கையை ஆட்டினால் மேலே ஏற்றி ஓட்டு என்று அர்த்தம். சின்னண்ணனும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு மேலே ஏற்றினான். போனதோடு விடவில்லை, பின்னால் வந்து இன்னொரு தடவையும் போனான்.

அந்த நேரம் பார்த்து ஈஸ்வர் பைக்கில் வந்து இறங்கினார். பார்த்ததும் அவர் முகம் கறுத்துவிட்டது.

"வேலைய நிறுத்துங்க. பாயெல்லாம் சுருட்டுங்க. இதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

மயிலம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது. வந்ததை அவள் மறைக்கவும் இல்லை. எத்தனை படி ஏறி இறங்கி வாங்கிய ஒரு பள்ளம், கொள்ளுக்குப் போயிற்றே!

சின்னண்ணன் மட்டும் யாரையும் கவனிக்காமல் தன் லாரிச் சக்கரத்தையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏனம்மா, வண்டி சிக்கலியே?"

பூவாத்தாளும் எழுந்து வந்து சக்கரத்தைப் பார்த்தாள். அந்தப் பள்ளத்தில் அவன் லாரி சிக்கி, ஜேசிபி வைத்து இழுக்காத வருஷம் கிடையாது. ஈஸ்வர் கொள்ளை ஒதுக்கிக்கொண்டு மண்டி போட்டார். சக்கரத் தடம் இருந்தது, பாய்க் கண்களின் வழியே சேறு கொஞ்சம் பிதுங்கியிருந்தது, இரண்டு மூன்று கயிறு அறுந்திருந்தது. அவ்வளவுதான். எழுந்தபோது அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஜல்லி போடாமயே லாரி போயிருச்சு. இதுக்கு மேல நான் என்னத்தப் பாக்கோணும்? அறுந்த எடத்துல மேல ஒரு பாய் போட்டுத் தெச்சுருங்க. ஜல்லிய எறக்கலாம்."

"சித்த இருங்க சார், கொள்ளக் கூட்டிக்கறோம்," என்றாள் பூவாத்தாள்.

ஜல்லி லாரிகள் பிரிவு வரைக்கும் வரிசைகட்டி நிற்க, மில் பெண்களும் ஊர்ப் பெண்களும் சேர்ந்து பாயின் கண்ணுக்குக் கண் கொள்ளைப் பொறுக்கினார்கள். பூவாத்தாள் ஒரு முறம் கொள்ளை மயிலம்மாள் மடியில் கொட்டினாள்.

"எளச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளும்பாங்க. உனக்கு எள்ளுத்தான் குடுக்கோணும். இருக்கறது இதுதான், வாங்கிக்க."

ஆனால் லாரி ஒரு நாள் போனது பெரிதில்லை. மழைக்கு நிற்க வேண்டும். ஐப்பசி வந்தது. விடாமல் கொட்டித் தீர்த்தது. ஈஸ்வரைப் போனில் கேட்கத் துணிச்சல் இல்லாமல் மயிலம்மாள் நேராகக் கிளம்பிப் போய்ப் பஸ் ஏறினாள். பிரிவு நெருங்கியதும் சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்து எழுந்து நின்றாள்.

"எதுக்குங்க எந்திரிச்சுட்டீங்க?" என்றார் கண்டக்டர்.

"மழைக்குப் பிரிவோட நின்னுருமுங்களே."

"அதெல்லாம் போன வருசமுங்க. உக்காருங்க, ஊருக்குள்ளயே போவுது."

மயிலம்மாள் உட்கார்ந்து முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பக்கமும் தண்ணீர் தேங்கிக் கிடந்த பள்ளத்தில் பஸ் இறங்கி, அந்தப் பக்கம் ஏறியது. உள்ளே இருந்தவர்கள் வெங்காய விலை பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் ஜன்னல் பக்கம் திரும்பக்கூட இல்லை. மயிலம்மாள் கையில் இருந்த செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு ஊருக்குள் இறங்கினாள்.