செவலை கடித்தவளுக்குப் பேர் வைத்த கதை

1

இந்தக் கதை எனக்கு ஒரு கல்யாணப் பந்தியில கிடைச்சது. போன தை மாசம், பெரம்பலூர்ல. எதிர் வரிசையில உட்கார்ந்திருந்த உத்திராபதிங்கிறவர், மாப்பிள்ளைக்கு ஒண்ணுவிட்ட மாமா, சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவுல சத்தமா ஆரம்பிச்சார்.

"எங்கப்பா நரி வேட்டைக்கு ரெண்டு நாய் வச்சிருந்தாருங்க. என்னா பழக்கம்ங்கிறீங்க! ஒருநாளு பாருங்க, பழக்குனவன் பொண்டாட்டியவே நரின்னு நெனச்சுப் புடிச்சு இழுத்துருச்சு!"

பந்தியே சிரிச்சுது. ஒருத்தருக்குப் புரையேறி, பக்கத்துல இருந்தவர் தலையில தட்டிவிட்டார்.

நான் கேட்டேன்: "அந்தம்மா என்ன ஆனாங்க?"

"எந்தம்மா?" அப்படின்னார் உத்திராபதி.

நிஜமாவே அவருக்குப் புரியல. அவர் சொன்ன கதையில நாய் இருந்துச்சு, அப்பா இருந்தார். அம்மான்னு ஒருத்தி எங்கேயும் இல்ல. நான் இலையை மூடிட்டு எழுந்துட்டேன். பாயசம் வேண்டாமான்னு பரிமாறுறவர் கேட்டார்.

2

அடுத்த வாரம் வேப்பந்தட்டையில பஸ் இறங்கி, மலைப்பக்கம் இருக்கிற அந்த ஊருக்குப் போனேன். (ஊர் பேர் சொல்ல மாட்டேன். சொன்னா, "அந்த ஊர்க்காரங்களே அப்படித்தான்"னு நீங்க கையைத் தட்டிவிட்டுட்டுப் போயிடுவீங்க.)

டீக்கடை பெஞ்சில ரெண்டு பேர் இருந்தாங்க. நாய்களைப் பத்திக் கேட்டதும் மூஞ்சி மலர்ந்துருச்சு. "செவலையும் ராணியுமா? அடேங்கப்பா! அந்த மாதிரி நாய் இனிமே பொறந்துதான் வரணும்ங்க." நாய் படுத்த இடம், நாய் தின்ன சோறு, வாலு எப்படி இருக்கும், எல்லாம் சொன்னாங்க.

கடிபட்ட பொம்பளை பேரு?

"அது... காலனிப் பக்கத்துப் பொம்பளைங்க. பேரு தெரியல." அரியலூர்ப் பக்கம் கல்லு வெட்டுற வேலைக்குக் குடும்பத்தோட போயிருச்சுன்னு ஒருத்தர் சொன்னார். அப்பவே செத்துப்போச்சுன்னு இன்னொருத்தர் சொன்னார். ரெண்டு பேரும் ஒரே பெஞ்சில உட்கார்ந்து, ஒரே நேரத்துல சொன்னாங்க. ஒருத்தரை ஒருத்தர் திருத்திக்கவும் இல்ல. அதுல எனக்கு வந்த கோவம் இன்னும் இறங்கல, அதனால எழுதுறேன்.

பேர் நானே வச்சேன். அவ செங்கமலம். நாய் பழக்குன புருசன் மதுரைவீரன். நிலக்காரர், அதாவது உத்திராபதியோட அப்பா, சாமிதுரை. நாய்களுக்கு மட்டும் பேர் வைக்கிற வேலை எனக்கு மிச்சம். அதை ஊரே ஞாபகம் வச்சிருந்து கொடுத்துருச்சு.

3

முதல் தொடக்கம்:

பச்சைமலை அடிவாரத்தில் பனி இன்னும் விலகாத ஒரு காலைப் பொழுதில் வேட்டை நாய்களின்

வேண்டாம். பனி பார்க்கவா வந்தோம்?

ரெண்டாவது தொடக்கம்:

நரி தந்திரமுள்ள விலங்கு என்று நாம் சிறு வயதிலிருந்தே

த்தூ. இந்தக் கதையில தந்திரம் பண்ணினது நரி இல்ல.

மூணாவது. எந்த அலங்காரமும் இல்லாம சொல்றேன். எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது வாக்குல நடந்தது. சாமிதுரைக்குக் கிணத்துப் பாசனத்துல கடலை. பங்குனி, சித்திரையில கடலை முத்தும்போது நரி வந்து மண்ணை நோண்டும். அதே மாசத்துலதான் நரி குட்டியும் போட்டிருக்கும். இதை வச்சுத்தான் மதுரைவீரன் நாய்களைப் பழக்கினான். ராணி மட்டும் முன்னால போகும். நரி வளை பக்கத்துல நின்னு குரைக்கும், கடிக்காது. குட்டிக்கு ஆபத்துன்னு தாய் நரி சீறிக்கிட்டு வெளிய வரும். ராணி திரும்பி ஓடும், நரி விரட்டும். ஓடி ஓடி, வரப்புக்குப் பின்னால சாமிதுரை துப்பாக்கியோட உட்கார்ந்திருக்கிற இடத்துக்கே அதைக் கூட்டிட்டு வந்துரும். குண்டு தப்பினா செவலை பாயும். மதுரைவீரன் நாக்கை மடிச்சு ஒரு சீட்டி அடிச்சா செவலை வயித்தை மண்ணுல ஒட்டிப் படுத்துக்கும். ரெண்டு சீட்டி அடிச்சா பாயும்.

"குட்டி இருக்குற நரிய நாம தேடிப் போவ வேண்டாங்கய்யா. அதுவே வரும்"னு அவன்தான் சாமிதுரைக்குச் சொல்லிக் கொடுத்தான். சாமிதுரை அதை நல்லாப் பிடிச்சுக்கிட்டார்.

4

கடலைச் செடியைப் பிடுங்கின பிறகு மண்ணுக்குள்ள கொஞ்சம் காய் தங்கிப்போகும். தப்புக்கடலைன்னு சொல்வாங்க. அதைக் காலனிப் பொம்பளைங்க நோண்டி எடுத்துக்கிறது காலங்காலமா இருக்கிற வழக்கம். நிலம் வச்சிருக்கிறவன் அதைக் கேட்க மாட்டான். அந்த வருசம் சாமிதுரை கேட்டார்.

"நரியும் நோண்டுது, நீங்களும் நோண்டுறீங்க. எனக்கு என்னடி வித்தியாசம்?"

பொம்பளைங்க நகரல. செங்கமலம் நிமிர்ந்துகூடப் பார்க்கல. அவ குழந்தை வேலியோரத்து வேப்பமரத்துல தூளியில தூங்கிக்கிட்டிருந்துச்சு. மதுரைவீரன் அப்ப மோட்டார் கொட்டாயில இருந்தான்.

சாமிதுரை ராணியைத் தூளிப் பக்கம் ஏவிவிட்டார்.

(இந்த இடத்துல "ஏன் அப்படிச் செஞ்சார்?"னு அவர் மனசுக்குள்ள போய் ரெண்டு பக்கம் எழுதச் சொல்லி ஒரு நண்பர் புத்தி சொன்னார். பாத்திரத்துக்கு நியாயம் செய்யணுமாம். நியாயம்! அவருக்குத் துப்பாக்கி இருந்துச்சு, நிலம் இருந்துச்சு, பந்தியில கதை சொல்ல மகனும் இருந்தான். மனசையும் நான்தான் கொடுக்கணுமா?)

ராணி தூளிக்கிட்ட நின்னு குரைச்சுது. பழக்கினபடி, கடிக்கல. செங்கமலம் கையில இருந்ததைப் போட்டுட்டு ஓடினா. ராணி திரும்பி வரப்பைப் பார்த்து ஓடிச்சு. கல்லை எடுத்துக்கிட்டு இவ விரட்டினா. வரப்புக்குப் பின்னால செவலை. சாமிதுரை வாயிலிருந்து ரெண்டு சீட்டி.

அது அவ கெண்டைக்கால் சதையைக் கவ்வி இழுத்துச்சு. அதான் அந்தப் பந்தி சிரிச்ச இடம்.

5

டவுன் ஆஸ்பத்திரியில டாக்டர் காயத்தைச் சோப்பு போட்டுக் கழுவி, கட்டு போட்டார். ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார். "நாய் உசுரோட இருக்கா?"

"இருக்குங்க சார்"னான் மதுரைவீரன்.

"அதைக் கட்டிப்போட்டுப் பாத்துக்கிட்டே இருக்கணும். பத்து நாள் நல்லா இருந்துச்சுன்னா பயமில்ல. செத்தாலோ, காணாமப் போனாலோ, அன்னைக்கே இந்தம்மாவக் கூட்டிட்டு வந்துரணும். தொப்புளச் சுத்தி ஊசி போட்டாகணும். ஒரு நாள் கூடத் தள்ளாதீங்க." அந்தக் காலத்து முறை அதுதான்.

மதுரைவீரன் டாக்டர்கிட்ட இன்னொண்ணையும் சொல்லியிருக்கணும். பயத்துல மறந்துட்டான். பங்குனியில ஒரு நரி பட்டப்பகல்ல வந்துச்சு. ஆளைக் கண்டு ஓடல. ராணி கூப்பிடாமலே வாயில நுரையோட நேரா செவலை மேல விழுந்து அதோட மூக்கைக் கடிச்சுது. சாமிதுரை சுட்டார். நல்ல குறின்னு ஊரே பேசிக்கிச்சு.

வீடு திரும்பின பிறகுதான் அது அவனுக்கு ஞாபகம் வந்துச்சு. நாயைப் பார்க்க சாமிதுரை தோட்டத்துக்குப் போனான். உள்ள விடல. மறுநாளும் விடல. அன்னைக்கு மத்தியானம் தோட்டத்துப் பக்கம் ஒரு துப்பாக்கி வெடிச்சத்தம் கேட்டுச்சு.

6

இங்க கதை நின்னுபோச்சு. ஒரு வாரம் தொடல. காரணம் செங்கமலம்தான்.

"ஏம்மா, எழுதுறவளே, என்னைய என்ன செய்யப் போற?" அப்படின்னு கேட்டா.

"தெரியல."

"பொய் சொல்லாத. தண்ணியப் பாத்தா தொண்டை இழுத்துக்கிற மாதிரி ஒரு பக்கம் எழுதி வச்சிருக்கியே, பாத்தேன். நல்லாத்தான் எழுதியிருக்க. படிக்கிறவங்க அழுவாங்க."

ஆமா, எழுதி வச்சிருந்தேன்.

"நான் செத்தாத்தான் உன் கதை நல்லாருக்குமா? எம்புள்ளைக்கு இன்னும் பால் மறக்கல. நான் அழுவாச்சி கேக்கல, ஊசி கேக்குறேன்."

அந்தப் பக்கத்தைக் கிழிச்சுப் போட்டேன். கிழிச்சதைப் பத்தி எனக்கு வருத்தமே இல்ல.

7

நாலாம் நாள் காலையில சாமிதுரை ஊர் கூடுற மந்தையில ஒரு நாயைக் கொண்டுவந்து நிறுத்தினார். செவலை நிறம், அதே உசரம், அதே மாதிரி மடிஞ்ச காது. அரும்பாவூர்ல அவர் மச்சான் வீட்டு நாய்.

"பாத்துக்குங்கடா. செவலை கல்லு மாதிரி நிக்குது. நாய் செத்துப்போச்சு, வெறி புடிச்சிருச்சுன்னு எவனோ கதை கட்டுறானாம். ஆஸ்பத்திரி, கேசுன்னு எவனாச்சும் கிளம்புனா அப்புறம் நடக்குறதே வேற. டேய் மதுரவீரா, நீயே சொல்லு. இது செவலைதானே?"

மதுரைவீரன் என்ன சொன்னான்?

அ) "ஆமாங்கய்யா." அவன் குடியிருக்கிற குடிசை சாமிதுரை நிலத்துல இருக்கு. அதனால இப்படி எழுதலாம். எழுதினா நீங்க அவனைக் காறித் துப்புவீங்க, சாமிதுரையை மறந்துடுவீங்க.

ஆ) அவன் நெஞ்சை நிமிர்த்தி, "ஐயா, எங்கள் உழைப்பைச் சுரண்டிய நீங்கள் இன்று எங்கள் உயிரையும்

நல்ல வசனம். எனக்குக் கைதட்டல் கிடைக்கும். அன்னைக்குச் சாயங்காலம் பிரிச்சு எறியப்படுற குடிசையை நானா போய்க் கட்டித் தரப் போறேன்?

இ) அவன் நாக்கை மடிச்சு ஒரு சீட்டி அடிச்சான்.

இதைத்தான் நான் எடுத்துக்கிறேன். செவலையா இருந்தா அந்த நொடியே வயித்தை மண்ணுல ஒட்டிப் படுத்திருக்கும். மந்தையில இருக்கிற சின்னப் பிள்ளைக்குக்கூட அது தெரியும், எத்தனை தடவை வேடிக்கை பார்த்திருக்காங்க! இந்த நாய் அவனைத் திரும்பிப் பார்த்துச்சு. காதைச் சொறிஞ்சுக்கிச்சு. அப்புறம் பக்கத்துல இருந்த கல்லு மேல காலைத் தூக்கிச்சு.

மறுபடியும் சீட்டி அடிச்சான். நாய் கொட்டாவி விட்டுச்சு.

எல்லாரும் பார்த்தாங்க.

"வெயிலு. களைச்சிருக்கு"ன்னார் சாமிதுரை.

"ஆமாங்க, வெயிலுதான்" அப்படின்னு கூட்டத்துல ஒரு குரல் கேட்டுச்சு. அப்ப மணி எட்டுகூட ஆகல. எந்த ஊர் வெயில்டா அது, எட்டு மணிக்கு நாயைக் களைக்க வைக்கிற வெயில்!

8

செங்கமலம் கால் தொடை வரைக்கும் வீங்கிக் கிடக்கு. காய்ச்சல். பஸ் நிக்கிற ரோட்டுக்கு நாலு மைல். கடிபட்ட அன்னைக்கு நொண்டியாச்சும் நடந்தா, இப்ப நடக்க முடியாது.

மதுரைவீரன் அவளைத் தோள்ல தூக்கிக்கிட்டு நடந்தான்னு எழுதிப் பார்த்தேன். புழுதி, வெயில், அவன் முதுகுல வேர்வை, இடுப்புல குழந்தை. அருமையா வந்துச்சு. படிச்சுப் பார்த்தவங்க கண்ணு கலங்கினாங்க. அப்பதான் எனக்குச் சுருக்குன்னுச்சு. அவன் தூக்கிக்கிட்டு நடந்தா உங்களுக்கு எவ்வளவு வசதி! நீங்க உட்கார்ந்த இடத்துல உட்கார்ந்து பாராட்டலாம். ஊர்ல ஒரு ஆளும் எழுந்திருக்க வேண்டியதில்ல.

அதையும் அடிச்சுட்டேன்.

இப்ப அந்த மந்தையில நின்ன கூட்டத்துல ஒருத்தர்கிட்ட வண்டி இருக்கு. கூண்டு போட்ட மாட்டு வண்டி. மாடு ரெண்டும் தீனி தின்னு முடிச்சு நிக்குது. அவரும் சீட்டியைக் கேட்டார், நாயைப் பார்த்தார். சாமிதுரைகிட்ட அவருக்குக் கடலை விக்கிற தொடர்பு இருக்கு. அதோட, காலனிப் பொம்பளை இதுவரைக்கும் அவர் வண்டியில ஏறினது கிடையாது.

அந்த ஆளுக்கு நான் பேர் யோசிச்சேன். முருகையன்னு வச்சேன், அழிச்சேன். பேர் வச்சா அது வேற யாரோ ஆயிடுது.

அது நீங்கதான்.

வேண்டாம்னு தலையாட்டாதீங்க. இவ்வளவு தூரம் படிச்சுட்டீங்க, மந்தையிலயும் நின்னீங்க. "நான் அந்த ஊரே இல்லையே, அந்தக் காலத்துல நான் இல்லையே"ன்னு ஆரம்பிக்காதீங்க. பெஞ்சில உட்கார்ந்திருந்த ரெண்டு பேருகிட்டயும் இதே மாதிரி நல்ல நல்ல காரணம் எல்லாம் இருந்துச்சு. அவ செத்தாளா, பொழைச்சாளான்னு என்னைக் கேட்காதீங்க. எனக்குத் தெரியாது. நான் ஆஸ்பத்திரி வரைக்கும் எழுதத் தயாரா இருக்கேன். டாக்டர் இருக்கார், ஊசி இருக்கு. நடுவுல நாலு மைல்தான் இல்ல.

மதுரைவீரன் அவளைக் கைத்தாங்கலாக் கூட்டிட்டு வந்து உங்க வாசல் கல்லுல உட்கார வச்சுட்டான். குழந்தை அவ மடியில. தெருக்கோடியில சாமிதுரை நின்னு, நீங்க கதவைத் திறக்குறீங்களான்னு பார்த்துக்கிட்டிருக்கார். திறந்துட்டீங்க. செங்கமலம் அழல. உங்களை நேராப் பார்த்துக் கேட்கிறா.

"பஸ்ஸு போயிரும். வண்டி பூட்டுறீங்களா, இல்லையா?"