குடுமிக்காக

பெருமாள் முன்னால் பிரபந்தம் சேவிக்கும் கோஷ்டியில் முதல் வரிசையில் நின்று தொடங்கிவைப்பது எங்கள் வீட்டு மூத்தவனின் உரிமை. முப்பது வருடம் நான்தான் தொடங்கினேன். 1996இல் கால் தரையோடு ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தது. பாசுரம் பாதியில் மறந்தது. ஒருநாள் சன்னிதியிலேயே வேஷ்டி நனைந்துவிட்டது. அவமானத்தில் செத்தேன் போங்கள்.

தம்பி வேதாந்தம்தான் சென்னைக்கு அழைத்துப்போய் ஸ்கேன் எடுத்தான். டாக்டர் அவனோடு தனியாகப் பேசினார். திரும்பும்போது பஸ்ஸில், "வயசாயிடுத்துண்ணா, இதுக்கு வைத்தியம் கிடையாதாம்" என்று அழுதான். என் இடத்தில் அவனை நானே நிற்கச் சொன்னேன். தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்று பெருமை வேறு!

இரண்டு வருடம் பழைய வேஷ்டியைக் கிழித்து அடியில் கட்டிக்கொண்டு மூலையில் கிடந்தேன். லீவில் வந்த மகள் ஸௌம்யா பார்த்துவிட்டு, அதே டாக்டரிடம் இழுத்துப்போனாள். மூளைக்குள் நீர் தேங்கி, நடை, ஞாபகம், சிறுநீர் மூன்றையும் ஆளும் பகுதிகளை அழுத்துகிறதாம். குடுமியை மழித்து, தலையில் துளையிட்டு, தோலுக்கடியில் வயிறுவரை ஒரு குழாய் வைத்தார்கள். தேங்கிய நீர் வடிந்தது. பத்தாம் நாள் காலையில் விழித்தபோது வேஷ்டி உலர்ந்திருந்தது. குழந்தை மாதிரி அழுதேன்.

"குடுமிக்காக ரெண்டு வருஷத்தை வீணாக்கிட்டீங்களே சார்!" என்றார் டாக்டர். "அப்பவே ஆபரேஷன் பண்ணிடலாம்னு உங்க தம்பிகிட்ட சொன்னேன். அண்ணா மொட்டையடிச்சுக்க ஒத்துக்கவே மாட்டார்னுட்டார்."

என்னை யார் கேட்டார்கள்? குடுமி என்ன, தலையையே கொடுத்திருப்பேனே! கூட இருந்தே குழி பறித்திருக்கிறான்.

ஊர் திரும்பியதும் கோயிலுக்குப் போனேன். யாரும் பிடிக்காமல் நடந்து, முதல் வரிசையில் என் இடத்துக்குப் போனேன். வேதாந்தம் என் கையை மெல்லப் பிடித்தான்.

"சிகை இல்லாம முன்னாடி எப்படிண்ணா நிக்கறது? வளரட்டும். அதுவரைக்கும் பின்னாடி நில்லுங்கோ" என்றான், எல்லோருக்கும் கேட்கும்படி. பெரியவர்கள் தலையாட்டினார்கள்.

"டாக்டர்கிட்டயும் என் குடுமியைத்தானேடா சொன்னே?" என்றேன்.

அவன் முகம் வெளுத்தது. கண்ணை மூடிக்கொண்டு பாசுரத்தைத் தொடங்கிவிட்டான். கோஷ்டியில் ஒருவன் தொடங்கிவிட்டால் மற்றவர்கள் சேர்ந்தே ஆகவேண்டும். நடுவில் வேறு பேச்சு கூடாது. முப்பது வருடம் நானே காத்த விதி.

கடைசி வரிசைக்குப் போய், அந்தத் துரோகியின் குரலோடு என் குரலையும் சேர்த்தேன்.